பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மாமா

பிப்ரவரி 4

தம்பிக்கு,

அன்புள்ள என்று போடவில்லை. மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. யோசித்துத்தான் விட்டேன்.

போன் பண்ணியிருக்கலாம். உன் குரலைக் கேட்க எனக்கு இஷ்டமில்லை. கடைசியாகக் கேட்டதே இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பது உனக்குத் தெரியும். ஐந்தாவதோடு என்னை நிறுத்தியதே உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ளத்தான். தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

என் பிள்ளை போய் ஒரு மாதம் ஆகிறது. அவன் போனை நான் அணைக்கவில்லை. தினமும் சார்ஜ் போட்டு அவன் கட்டில் மேலேயே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அது டிங் என்றது. எடுத்துப் பார்த்தால், "வாழ்த்துகள்! கோப்பைக்கான முதல் ஆட்டத்தில் தூங்குமூஞ்சிகள் அணி வெற்றி" என்று வந்திருக்கிறது. தோற்ற அணி எட்டாம் மாடி. அது நீ. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் வேறென்ன பெயர் வைப்பான்.

உங்கள் கம்ப்யூட்டர் பேஸ்பால் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். மைதானம் கிடையாது, பந்து கிடையாது, ஓடுகிறவன் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர் உண்டாக்கிய ஆட்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு அணி வைத்துக்கொண்டு, யார் பந்து வீசுவது, யார் முதலில் அடிப்பது என்று வரிசை எழுதி அனுப்புவீர்கள். ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் ஆட்டத்தை ஓட்டி, யார் ஜெயித்தது என்று சொல்லும். காலையில் எழுப்பும்போது தூங்குமூஞ்சி என்று நான் திட்டுவேன். அதையே அணிக்குப் பெயராக வைத்தான்.

வேன் கவிழ்ந்து செத்துப்போன பிள்ளையோடு நீ இன்னும் விளையாடிக்கொண்டிருக்கிறாயே, கை கூசவில்லையா? அவனை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கு வர உனக்கு நேரமில்லை. இந்த ஆட்டத்துக்கு நேரம் இருக்கிறது. போதாததற்கு, திங்கட்கிழமை காலையில் அவன் போன் அடித்தது. மாமா என்று வெளிச்சம் வந்தது. நான் எடுக்கவில்லை. செத்தவனுக்குப் போன் பண்ணுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

நிறுத்து. எனக்குச் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

அக்கா

*

பிப்ரவரி 7

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்தில் தப்பு ஒன்றும் இல்லை. விஷயத்தில்தான் இருக்கிறது.

நிறுத்து என்கிறாய். நிறுத்த நான் யார்? லீக் என்னுடையதா? போன மாதத் தொடக்கத்திலேயே இந்தப் பருவத்து ஆட்டங்கள் முடிந்தன. முதல் இரண்டு இடத்தில் அவனும் நானும். அதனால் கோப்பைக்கு அவனும் நானும். நான் விலகிக்கொண்டால் மூன்றாம் இடத்துக்காரன் என் இடத்தில் வந்து நிற்பான். அவனும் உன் பிள்ளை அணியோடுதான் விளையாடுவான். முகம் தெரியாதவன் விளையாடினால் பரவாயில்லை, மாமன் விளையாடினால்தான் குற்றமா?

அவன் போனபிறகு வரிசை எழுதியது யார் என்று உனக்குச் சந்தேகம் வரலாம். யாரும் எழுதவில்லை. அவன் கடைசியாக அனுப்பிய வரிசையை வைத்துக் கம்ப்யூட்டர் இரண்டு ஆட்டம்வரை ஓட்டும். மூன்றாவது ஆட்டத்துக்கு ஒரு ஆள் கையால் எழுதி அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் தோற்றதாகப் போட்டுவிடுவார்கள். நாலு ஆட்டம் முதலில் ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. ஆகவே நீ ஒன்றும் செய்யவேண்டாம். போனை அணைத்துவிட்டு உன் வேலையைப் பார். தானாக முடியும்.

முடிந்ததும் அணியைக் கலைப்பார்கள். சொந்தக்காரன் இல்லாத அணியை வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. ஆட்களைப் பொதுவில் விடுவார்கள், மற்றவர்கள் ஆளுக்கொருவராக எடுத்துக்கொள்வார்கள். கோப்பை வாங்கிய அணியை மட்டும் ஒரு வருஷம் கலைக்கக்கூடாது. அது உனக்குத் தேவைப்படாத விஷயம்.

நேரமில்லை என்று எழுதியிருக்கிறாய். "நீ வராதே, வந்தா கதவைச் சாத்துவேன்" என்று சொன்னது யார்? என் காது நன்றாகத்தான் கேட்கிறது.

தம்பி

*

பிப்ரவரி 11

தம்பிக்கு,

இரண்டாவது ஆட்டத்திலும் என் பிள்ளை உன்னை ஜெயித்துவிட்டான். இல்லாத ஆள் இரண்டு தடவை உன்னை மண்ணைக் கவ்வ வைத்திருக்கிறான். இன்று வேலையில் அதை நினைத்து நானாகச் சிரித்தேன். நான் ஒரு ஓட்டல் லாண்டரியில் துணி தேய்க்கிற பெரிய உருளை மெஷினில் படுக்கை விரிப்பு விடுகிறவள் என்பதாவது ஞாபகம் இருக்கிறதா? விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிற ஜோடிக்காரி பயந்துபோய், "என்னக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். நான் சிரித்து அவ்வளவு நாளாகிவிட்டது.

கலைப்பார்களாமே. எவ்வளவு லேசாக எழுதுகிறாய்.

அவன் அணியைத் திறந்து பார்த்தேன். பெயருக்குப் பதில் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்திருக்கிறான். பந்து வீசுகிறவன் நெட்டை. பேஸ் என்று நாலு மூலை இருக்கிறதாம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் திருட்டுத்தனமாக ஓடுகிறவன் கடன்காரன். ஜோடிக்காரியைக்கூட விடவில்லை, இரண்டாவது பேஸில் நிறுத்தியிருக்கிறான். நான் சாப்பிடும்போது அவளைப் பற்றிப் பேசுவதெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான், தலை நிமிராமல்.

அடிக்கிறவனுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகத்தில் கம்பி மாட்டிக்கொண்டு, வருகிற பந்தையெல்லாம் வாங்குகிற கேட்ச்சர் ஒருவர் உண்டாம். எல்லாரையும் பார்த்துக் கத்துகிற வேலையும் அந்த ஆளுக்குத்தானாம். அதற்கு அம்மா என்று பெயர்.

மாமா என்றும் ஒருவர் இருக்கிறார். எங்கே தெரியுமா? பெஞ்சில். இரண்டு ஆட்டமும் உட்கார்ந்தே இருந்தார். ஆளை எடை போடத் தெரிந்த பிள்ளை.

இவர்களைப் பிய்த்து ஆளுக்கொருவராக எடுத்துக்கொள்வீர்களா? அவன் போட்டுக் கழற்றிய சட்டையைக்கூட நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. வரிசையை இனி நான் எழுதுகிறேன். இன்னும் இரண்டு ஆட்டம்தானே ஜெயிக்கவேண்டும். உன்னைத் தோற்கடித்து என் பிள்ளை அணியை வைத்துக்கொள்கிறேன். எனக்கு நீ ஒன்றும் சொல்லித்தர வேண்டாம்.

திங்கட்கிழமை காலையில் திரும்பவும் மாமா என்று போன் அடித்தது. வெட்கமே இல்லையா?

அக்கா

*

பிப்ரவரி 18

அக்காவுக்கு,

பதினொன்றுக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை உன்னை நான் அடித்தது. சொல்லித்தர வேண்டாம் என்றாய், சொல்லவில்லை. நெட்டையைத் திரும்ப இறக்கியதைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உன் அணி, உன் இஷ்டம்.

போன் எதற்கு என்று கேட்டாய். எனக்கும் அவனுக்கும் ஒரு வழக்கம். நாங்கள் இரண்டுபேரும் மோதினால், தோற்றவன் மறுநாள் காலையில் போன் பண்ணவேண்டும். ஜெயித்தவன் வாய்க்கு வந்தபடி திட்டுவான். தோற்றவன் திருப்பிப் பேசாமல் கேட்டுக்கொள்ளவேண்டும். ஆறு வருஷமாக இதுதான். அவன் திட்டு உனக்குத் தெரியாது. "மாமா, உன் அணியை லிஃப்ட்ல ஏத்தி ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்திட்டேன் பாரு" என்பான். நான் தோற்றேன், அதனால் போன் பண்ணினேன். எடுப்பான் என்று நினைத்துப் பண்ணவில்லை. பண்ணாமல் இருக்க முடியவில்லை.

அவன் போன அன்றைக்கு நடந்ததும் அதுதான். முந்தின நாள் சாயங்காலம் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் நான் அவனை ஜெயித்திருந்தேன். காலையில் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று கம்பி வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் போனிலிருந்து அழைப்பு வந்தது. அவன்தான் என்று எடுத்தேன். நீ என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் போனிலிருந்து பண்ணியிருந்தால் நான் அப்படிப் பேசியிருப்பேனா?

அப்புறம், பெஞ்சில் இருக்கிற மாமா. கிண்டல் பண்ணத் தெரிந்ததே தவிர, விஷயம் தெரியவில்லை. அந்த ஆளால் ஓட முடியாது, பிடிக்க முடியாது. ஆனால் கடைசியான ஒன்பதாவது சுற்றில், கை நழுவுகிற நேரத்தில், அடிக்கவென்று உள்ளே அனுப்புகிற ஆள் அது. "உன்னைக் கடைசி நேரத்துக்குன்னு வச்சிருக்கேன் மாமா" என்று அவனே என்னிடம் சொன்னான். அது கேலி இல்லை.

தம்பி

*

பிப்ரவரி 25

தம்பிக்கு,

நாலாவது ஆட்டமும் போயிற்று. இரண்டுக்கு இரண்டு. உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் நான் சொல்லிக் கேட்டால் இன்னும் கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும் உனக்கு.

நெட்டைக்குத் தோள்பட்டை போய்விட்டது. இனி ஆடமாட்டான் என்று கம்ப்யூட்டர் எழுதியது. முதல் ஆட்டத்தில் ஜெயித்தவன் ஆயிற்றே என்று மூன்றாவதிலும் போட்டேன், நாலாவதிலும் போட்டேன். கம்ப்யூட்டர் ஆளுக்குக் கை வலிக்கும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அவனும் ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டிலும் ஒருத்தன் களைப்பென்று வாய் திறந்து சொன்னதில்லை. வேனை நிறுத்திவிட்டு வந்து பூட்ஸோடு கட்டிலில் சாய்வான். எழுப்பினால் எழுந்து போவான்.

நீ பார்த்துக்கொண்டுதானே இருந்தாய். வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று எழுதவும் செய்தாய். மூடவேண்டிய நேரத்தில் உனக்கு வாய் மூடாது. திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காது.

என் போனிலிருந்து ஏன் பண்ணவில்லை என்று கேட்கிறாய். லாண்டரியிலிருந்து போட்டது போட்டபடி ஓடினேன். என் போன் மெஷின் மேலேயே கிடந்தது. ஆஸ்பத்திரியில் அவன் சட்டைப்பையில் இருந்ததை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். அதில் அந்தப் போன் இருந்தது. கண்ணாடிகூட உடையவில்லை. எனக்கு இருக்கிறது நீ ஒருத்தன். உன்னைத்தான் முதலில் கூப்பிட்டேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய், "என்ன மாப்ளே, படுத்துட்டியா? எழுந்து வாடா!"

அவன் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் படுத்திருந்தான்.

தெரியாமல் சொன்னாய், சரி. அது எனக்கு அன்றைக்கே தெரியும். நான் முட்டாள் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் வராதே என்று நான் சொன்னால், வராமலே இருந்துவிடுவாயா? நான் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவள். நான் ஆயிரம் சொல்வேன். நீ வந்திருக்கவேண்டும். கதவைச் சாத்தியிருந்தால் வெளியே நின்றிருக்கவேண்டும்.

நாலு பேர் தூக்கினார்கள். மூன்று பேர் அவனோடு வேன் ஓட்டியவர்கள். நாலாவது ஆள் எதிர்வீட்டில் பெயின்ட் அடிக்க வந்தவர். அந்த மனிதர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டுக் கை கொடுத்தார். அது உன் இடம்.

கடைசி நேரத்துக்கென்று வைத்திருந்தானாம். நீயே எழுதிவிட்டாய். நான் புதிதாக என்ன எழுத?

அக்கா

*

மார்ச் 3

அக்காவுக்கு,

நேற்று நான் ஜெயித்தேன். மூன்றுக்கு இரண்டு. இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை எனக்கு.

பிரஷ்ஷைக் கீழே வைத்தவரைப் பற்றி எழுதியிருந்தாய். அந்த இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நாலு நாள் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

நானும் ஒன்று சொல்கிறேன். அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் வாங்கக் கூட்டத்தில் நின்றேன். என் முறை வந்தது. எந்த ஊர் என்று உள்ளே இருந்தவர் கேட்டார். கதவைச் சாத்துவேன் என்றாயே, அது அப்போது பார்த்துக் காதில் கேட்டது. நாலு பேர் பார்க்க அந்த வாசலில் நிற்க எனக்குத் தெம்பில்லை. பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கினேன். நம்பினால் நம்பு.

நீ என்றைக்கும் இப்படித்தான். ஒன்றைச் சொல்லிவிட்டு, எதிராளி அதற்கு நேர்மாறாகப் புரிந்துகொள்ளவேண்டும் என்று நிற்பாய். அத்தான் கோபித்துக்கொண்டு பையை எடுத்தபோது "போங்க, போய்க்கோங்க" என்றாய். போனார். வந்தாரா? உன் பிள்ளை ஒருத்தனுக்குத்தான் உன் பேச்சைத் திருப்பிப் போட்டுப் படிக்கத் தெரியும். எனக்குத் தெரியாது.

போகட்டும். இப்போது ஒன்று கேட்கிறேன். அடுத்த இரண்டு ஆட்டத்துக்கும் என் நல்ல பந்து வீச்சுக்காரனை பெஞ்சில் உட்காரவைத்துவிடுகிறேன். யாருக்கும் தெரியாது. கோப்பை உனக்கு, அணி கலையாது. நீ கெஞ்சவேண்டாம். சரி என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

தம்பி

*

மார்ச் 5

தம்பிக்கு,

டிக்கெட் வாங்குகிற இடம்வரைக்கும் வந்ததை ஒரு பெருமையாக எழுதியிருக்கிறாய். மாலை வாங்கி அனுப்பவா?

அத்தானை இழுக்காதே. அவர் போனது என் பாடு. அவர் பையைத் தூக்கியபோது வாசலில் நின்று வேடிக்கை பார்த்தவன் நீ. அப்போதும் உனக்கு யாரையும் தடுக்கத் தெம்பில்லை.

விட்டுக்கொடுக்கிறாயாம். சின்ன வயதில் நான் உன்னோடு பல்லாங்குழி ஆடும்போது உனக்கு விட்டுக்கொடுப்பேன். கண்டுபிடித்துவிட்டால் காய்களை வாரி எறிந்துவிட்டு அழுவாய். எறிந்ததைக் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பொறுக்கினது நான். அந்த ரோஷம் உனக்கு மட்டும்தான் இருக்குமா? இப்போது எனக்குப் பிச்சை போடுகிறாயா?

என் பிள்ளை உன்னிடம் தோற்றபோதெல்லாம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். ஆனால் மறுநாள் காலையில் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவான். யாரிடம் பேசுகிறான் என்று எனக்குத் தெரியாது. சிரித்துக்கொண்டே இறங்கி வருவான். அவனுக்கு நீ ஒரு தடவையாவது விட்டுக்கொடுத்தாயா? கொடுத்திருந்தால் சிரித்திருக்கமாட்டான்.

உன் நல்ல ஆளையே போடு. முழுக்க விளையாடு. விட்டுக்கொடுத்தாய் என்று தெரிந்தால், இந்த ஜென்மத்தில் உன் முகத்தில் விழிக்கமாட்டேன். இதைத் திருப்பிப் போட்டுப் படிக்காதே. இது சொன்னபடி.

அக்கா

*

மார்ச் 11

அக்காவுக்கு,

விட்டுக்கொடுக்கவில்லை. என் நல்ல ஆளைத்தான் போட்டேன். நீ ஜெயித்தது நீ ஜெயித்ததுதான்.

சந்தேகம் இருந்தால் கடைசிச் சுற்றைத் திறந்து பார். ஒரு ரன் எடுத்தால் எனக்குச் சமம் ஆகும். என் ஆள் மூன்றாவது பேஸிலிருந்து எருமை மாதிரி ஓடிவருகிறான். வழியில் கையில் பந்தோடு உன் அணியின் அம்மா உட்கார்ந்திருக்கிறது. வந்து மோதினான். "அம்மா விழுந்தார். பந்தை விடவில்லை" என்று கம்ப்யூட்டர் எழுதியது. என் ஆள் அவுட். ஆட்டம் முடிந்தது. கம்ப்யூட்டருக்குக்கூட உன் குணம் தெரிந்திருக்கிறது.

திங்கட்கிழமை காலையில் போன் பண்ணினேன். தோற்றவன், பண்ணவேண்டியவன். நீ எடுத்துவிட்டாய். திட்டுவாய் என்று காதில் வைத்துக்கொண்டே நின்றேன். மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் ஏதோ மெஷின் ஓடியது. அப்புறம் வைத்துவிட்டாய். திட்டியிருக்கலாம். ஜெயித்தவர் திட்டாமல் விட்டால் அந்தத் தோல்வி கணக்கிலேயே சேராது என்பான் அவன்.

மூன்றுக்கு மூன்று. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். நான் முழுக்க விளையாடப்போகிறேன். நீ கேட்டதுதான். அப்புறம் என்னைச் சொல்லாதே.

தம்பி

*

மார்ச் 17

தம்பிக்கு,

ஜெயித்துவிட்டாய். வயிறு நிறைந்ததா?

நான் எப்படிப் பார்த்தேன் என்று எழுதுகிறேன். நேற்று எனக்கு டூட்டி. மடிக்கிற மேஜைமேல் தலையணை உறைகளை அடுக்கி அதன்மேல் போனைச் சாய்த்துவைத்தேன். படம் வராது என்று ஜோடிக்காரிக்கு முதலிலேயே சொல்லிவிட்டேன். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு வரி எழுத்தாக ஓடும். ஒரு விரிப்பை மெஷினில் விட்டுவிட்டு ஒரு வரி படிப்போம். அவள் மறுமுனையிலிருந்து கத்துவாள், "என்னக்கா ஆச்சு? ஜோடிக்காரி அடிச்சாளா?" அவள் பெயரில் ஒருத்தர் ஆடுவது தெரிந்ததிலிருந்து அவளுக்கு அந்த ஆளைத் தவிர வேறு யாரைப் பற்றியும் கவலையில்லை.

ஒன்பதாவது சுற்றில் நாம்... நான் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் போனால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பேர் பேஸில் நிற்கிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் கோப்பை, அணி, எல்லாம் என் கையில். அடுத்து அடிக்கவேண்டியது அம்மா. அம்மா அன்றைக்கு ஏற்கெனவே இரண்டு அடி அடித்திருந்தது.

நான் சனிக்கிழமையே எழுதி அனுப்பியிருந்தேன். கடைசியில் பின்தங்கினால், அம்மாவை எடுத்துவிட்டு மாமாவை அனுப்பு என்று.

"அம்மா வெளியே. மாமா உள்ளே" என்று வந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டேன்.

"யாருக்கா இந்த மாமா? இவ்வளவு நேரம் எங்க இருந்தாராம்?"

"பெஞ்சுல."

"நல்லா அடிக்கிற அம்மாவை எதுக்குக்கா எடுத்தீங்க?"

"சும்மா இருடி."

முதல் பந்து, சுழற்றினார், படவில்லை. இரண்டாவது, பட்டது, கோட்டுக்கு வெளியே போயிற்று, அதுவும் தவறினதாகத்தான் கணக்கு. மூன்று தடவை தவறினால் அவுட். அடுத்ததை விட்டார். அதற்கடுத்ததையும் விட்டார். அப்புறம் வந்தது: "மாமா முழு பலத்தோடு சுழற்றினார். படவில்லை. ஆட்டம் முடிந்தது. கோப்பை எட்டாம் மாடிக்கு."

"ஐயோ, தோத்துட்டாரேக்கா."

"தோத்தா தோக்கட்டும். வந்தாரில்ல."

நான் அதை வாய்விட்டுச் சொன்னேனா என்று எனக்கே தெரியவில்லை. ஜோடிக்காரி என் பக்கம் வந்து, போனை எடுத்துக் கவிழ்த்துவைத்துவிட்டு, விரிப்பின் என் முனையையும் அவளே பிடித்துக்கொண்டாள்.

அம்மாவையே விட்டிருந்தால் ஜெயித்திருக்கலாம் என்று நீ எழுதுவாய். எழுதாதே. என் பிள்ளை அந்த ஆளை எதற்காக வைத்திருந்தானோ அதற்கு நான் அனுப்பினேன். கம்ப்யூட்டரில் இருக்கிற மாமனுக்குக் கூப்பிட்டால் எழுந்து வரத் தெரிகிறது. அடிக்கத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.

அணி போயிற்று. இனி எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

தோற்றவர் மறுநாள் காலையில் போன் பண்ணவேண்டும். இன்றைக்குக் காலையில் நான் பண்ணியிருக்கவேண்டும். பண்ணவில்லை. அந்தப் போனிலிருந்து உன்னை இன்னொரு தடவை கூப்பிட என்னால் முடியாது. என்னைத் திட்டவேண்டியது இருந்தால் நேரில் வந்து திட்டு.

அக்கா

*

மார்ச் 21

அக்காவுக்கு,

உன் கடிதத்தை லிஃப்ட் கூண்டின் மேல் உட்கார்ந்து படித்தேன். அன்றைக்கு நின்ற அதே கட்டடம். கீழிருந்து யாரோ கத்திக்கொண்டே இருந்தார்கள், லிஃப்ட் ஏன் வரவில்லை என்று. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

முழுக்கத்தான் விளையாடினேன். மாமா உள்ளே என்று வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். அந்த ஆள் அடித்துவிடட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தது மட்டும்தான். அதற்காக முகத்தில் விழிக்கமாட்டேன் என்று ஆரம்பிக்காதே.

புதன்கிழமை அணியைக் கலைத்தார்கள். கோப்பை வாங்கியவனுக்கு முதல் ஆளை எடுக்கிற உரிமை. எல்லாரும் நான் கடன்காரனை எடுப்பேன் என்று நினைத்திருந்தார்கள். நான் அம்மாவை எடுத்தேன். பெயரை மாற்றலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. வேண்டாம் என்று போட்டேன். இனி எட்டாம் மாடியிலும் நீதான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக் கத்தப்போகிறாய். என் தலையெழுத்து.

கடன்காரனை ஒரு பள்ளிக்கூட வாத்தியார் எடுத்தார். ஜோடிக்காரியை யாரோ புதியவர். தோள் போன நெட்டையைக்கூட ஒருவர் எடுத்தார், அடுத்த பருவத்துக்குள் ஆறிவிடுமாம். மாமாவை யாரும் எடுக்கவில்லை. பொதுவில் கிடக்கிறார்.

அடுத்த வாரம் சனிக்கிழமை லீவு சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ். வராதே என்று பதில் போடாதே. போட்டாலும் வருவேன். கதவைச் சாத்தினால் எதிர்வீட்டுப் பக்கம் நிற்பேன். பெயின்ட் வேலை இன்னும் நடக்கிறதா?

தம்பி

*

மார்ச் 24

தம்பிக்கு,

எதிர்வீட்டுக்கு அடித்து முடித்தாயிற்று. பச்சை. பார்க்கச் சகிக்கவில்லை. அங்கே போய் நிற்காதே, அந்த வீட்டு அம்மாவுக்கு ஆயிரம் கேள்வி இருக்கும்.

மாமாவை யாரும் எடுக்கவில்லையா? கிடக்கட்டும். யார் எடுப்பார்கள்.

என்னைக் கேட்காமல் என்னை எடுத்திருக்கிறாய். அதற்குத் தனியாக இருக்கிறது உனக்கு.

நான் சமாதானம் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. ஆகவில்லை. பெயின்ட் அடித்தவர் நின்ற இடம் உன் இடம்தான், அதை நான் சாகும்வரை சொல்லுவேன். நீ கேட்டுக்கொள்ளவேண்டும். திருப்பிப் பேசக்கூடாது. நீ திட்டவேண்டியதை முதலில் திட்டிவிடு. ஜெயித்தவன் நீ. நான் கேட்டுக்கொள்கிறேன். பிறகு என் முறை.

அவன் கட்டிலை ஒருத்தியாக என்னால் நகர்த்த முடியவில்லை. அதன் அடியில் அவன் பூட்ஸ் ஒன்று ஜோடியில்லாமல் கிடக்கிறது, கை எட்டவில்லை. வந்தால் மறுபக்கம் பிடி.

பஸ்ஸிலிருந்து இறங்கி, பழக்கத்தில் அவன் நம்பருக்குப் போன் பண்ணாதே. அவன் போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. மாமா என்று வெளிச்சம் வந்தால் எனக்குப் பகீர் என்கிறது. நேராக வந்து கதவைத் தட்டு.

அக்கா